கலையாத வரிசை

இத்தூமு, கியாமுத்தி தொகுதி
12 செப்டம்பர் 1992

வாத்தியார் கிலுங்கியா அவர்களுக்கு,

முத்தியானியின் மனைவி சியோம்புவா எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நாலு வருஷமாக நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. என் புருஷனைப் புதைத்த அன்று நீங்கள் வரவில்லை. மொம்பாசாவிலிருந்து பஸ் கிடைக்கவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினீர்கள். பஸ் இருந்தது. அந்த பஸ்ஸில்தான் என் தம்பி வந்தான்.

சண்டை போட எழுதவில்லை. காரியமாகத்தான் எழுதுகிறேன்.

வருஷக் கடைசிக்குள் தேர்தல் வரும் என்கிறார்கள். இந்தத் தடவை பல கட்சி. போன தடவை மாதிரி வேட்பாளரின் படத்துக்குப் பின்னால் ஊர் பார்க்க வரிசை கட்டி நிற்க வேண்டியதில்லை, மறைவில் குறி போட்டுப் பெட்டியில் போடலாமாம். கிமேயு மறுபடி நிற்கிறார். கவீட்டாவும் நிற்கிறார். அவர் நிற்காத தேர்தல் எது? இந்தத் தொகுதி பிறந்ததிலிருந்து அவர்தான் எம்.பி. ஒவ்வொரு தேர்தலுக்கும் அணை கட்டப்போகிறேன் என்று மணல் ஆற்றில் புதிதாக முளை அடிக்கிறார். அறுபத்தொன்பது முளை, எழுபத்துநாலு முளை, எழுபத்தொன்பது முளை என்று நாங்கள் பேரே வைத்துவிட்டோம். எண்பத்துமூணு முளையில் நான் ஆடு கட்டுகிறேன். நல்ல உறுதியான முளை.

வாக்குச்சாவடி நம் பள்ளி மைதானம்தான். ஆனால் யாரும் அங்கே கால் வைக்க மாட்டோம் என்கிறார்கள். போன வாரம் கிமேயுவின் ஆட்கள் கூட்டம் போட்டபோது கிழவர் கிதூக்கா எழுந்து கேட்டார்:

“ஓட்டுப் போடச் சொல்றீங்க, சரி. அங்கதான் ஏற்கெனவே ஒரு வரிசை நிக்குதே, அதைத் தாண்டி எப்படிய்யா போறது? முன்னாடி நிக்கிறவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நீ போவியா?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

விடியலில் தண்ணீருக்குப் போகும் பெண்கள் இப்போது மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நிறைய பேர் காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறதாம். அன்றைக்கு வரிசை நின்ற இடத்தில் புல் இன்றைக்கும் படுத்துத்தான் கிடக்கிறது, மழை பெய்தாலும் எழுந்திருப்பதில்லை. வரிசையின் தலைமாட்டில், ஆனைப்புளி மரத்தடியில், ஒருவர் நெஞ்சோடு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். அது என் புருஷன் என்கிறார்கள். “வரிசையை வித்தவனுக்கு மண்ணுக்குள்ள தூக்கம் வருமா” என்று என் காதுபடவே சொல்கிறார்கள்.

எண்பத்தெட்டு பிப்ரவரியில் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். மறந்த மாதிரி நடிக்க உங்களுக்கு நன்றாக வரும். அன்றைக்கு நீங்கள் தலைமையாசிரியர், எண்ணுகிற பொறுப்பும் உங்களுடையது. கிமேயுவின் படத்தைப் பிடித்து நின்ற முகவர் என் புருஷன். ஜீப்பில் வந்த அதிகாரி ஆட்களைத் தோளில் தொட்டு எண்ணச் சொன்னார். ஆளை எண்ணினால் ஆள் குறையும் என்று நம் சனம் நடுங்கியது. அப்படி ஆகுமென்று முன்னமே தெரிந்து நீங்கள்தான் வழி செய்து வைத்திருந்தீர்கள்: ஆளுக்கு ஒரு துவரை கொண்டுவாருங்கள், உங்கள் வேட்பாளரின் குடுவையில் போடுங்கள், நான் துவரையை எண்ணிக்கொள்கிறேன் என்று. கிமேயுவின் வரிசை மரத்தைச் சுற்றி, பள்ளியைச் சுற்றி, மணல் ஆறு வரை போனது. கவீட்டாவின் வரிசை கொடிக்கம்பத்தைக்கூடத் தொடவில்லை. அப்புறம் வகுப்பறைக் கதவைச் சாத்தினீர்கள். கதவு திறந்தபோது கவீட்டா ஜெயித்திருந்தார். கிராமத் தலைவர் ஒரு காகிதத்தை உயர்த்திப் பிடித்து, “பாருங்க, உங்க ஆளே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கான்” என்று காட்டினார்.

நான் போடவில்லை என்று என் புருஷன் சாகிற வரை சொன்னார். உள்ளே இருந்தவர்களில் இதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

வாருங்கள். தேர்தலுக்கு முன் அந்த மைதானத்தில் நின்று இரண்டே விஷயம் சொல்லுங்கள். எத்தனை துவரை விழுந்தது, என் புருஷன் கையெழுத்துப் போட்டாரா இல்லையா. அவர் கோட்டு இன்னும் சுவரில் தொங்குகிறது. பையில் ஒரு துண்டு சணல் கயிறும் ஒற்றைத் துவரையும் இருந்தன. வரிசையை விற்றவன் சொத்து இவ்வளவுதான்.

சியோம்புவா


மொம்பாசா
25 செப்டம்பர் 1992

தங்கச்சி சியோம்புவாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமே இருப்பாய் என நம்புகிறேன். எனக்கு இரத்தக் கொதிப்பு. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். கல்வி அலுவலகத்தில் ஆண்டிறுதித் தேர்வு வேலை தலைக்கு மேல் இருக்கிறது, விடுப்புக் கிடைப்பது துர்லபம்.

நீ கேட்ட விஷயம் அரசாங்க ஆவணம் சம்பந்தப்பட்டது. எண்கள் படிவத்தில் எழுதப்பட்டன, படிவம் மேலிடத்துக்குப் போய்விட்டது. ஒரு அரசு ஊழியன் அதைப் பற்றி மைதானத்தில் நின்று பேச முடியாது. முத்தியானி என் கூடவே வளர்ந்தவன். ஒரே பருவத்தில் எங்களுக்கு ஆண்மகனாகும் சடங்கு செய்தார்கள். அவனைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, இனியும் பேச மாட்டேன். செத்தவனை நிம்மதியாக இருக்க விடுவதுதான் எல்லோருக்கும் நல்லது.

ஊரில் ஆயிரம் பேசுவார்கள். புல் படுப்பதற்கு ஆடு மாடு காரணமாக இருக்கும்.

அன்புடன்,
கிலுங்கியா

பி.கு. அந்தக் காலடிச் சத்தம் விடியலில் எத்தனை மணிக்குக் கேட்கிறது என்று யாராவது சொன்னார்களா?


இத்தூமு
6 அக்டோபர் 1992

வாத்தியாரே,

உப்பைக் குறையுங்கள். நல்ல காரியம்.

யாரிடம் “நிம்மதியாக இருக்க விடு” என்று எழுதுகிறீர்கள்? அவர் எப்படிச் செத்தார் என்று தெரியுமா உங்களுக்கு? தெரியாது, நீங்கள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு அடுத்த மாதமே போய்விட்டீர்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் கவீட்டாவின் லாரி எங்கள் வாசலில் ஒரு மூட்டை மாவை இறக்கிவிட்டுப் போனது. நாங்கள் கேட்கவில்லை. அவர் அதை வாசலிலிருந்து ஒரு அடிகூட நகர்த்த விடவில்லை. “இதைத் தொட்டா நான் போட்டேன்னு ஆயிடும்” என்றார். மாவு மழையில் நனைந்து, புளித்து, கோழி கொத்தித் தீர்த்தது. அதை ஊர் பார்க்கவில்லை. மூட்டை இறங்கியதை மட்டும்தான் பார்த்தது.

அப்புறம் எவனும் அவரோடு கைகுலுக்கவில்லை. கடையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கிதூக்கா ஒரு நாள் வழியில் நிறுத்தி, “எங்க எல்லாரோட துவரையையும் மொத்தமா என்ன விலைக்குடா போட்டே?” என்று கேட்டார். அவர் நேரே வீட்டுக்கு வந்து களியைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் விடியலில் கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். மரத்தடியில் போய் நிற்பார். பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போது திரும்பி வருவார். “ஏன் இப்படி மானத்தை வாங்கறீங்க?” என்று ஒரு நாள் அழுதே கேட்டேன். “எனக்கு அங்க ஒரு வேலை பாக்கி இருக்கு, சியோம்புவா. வாத்தியார் வந்தாத்தான் முடியும்” என்றார். எனக்குப் புரியவில்லை. புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். மே மாத மழையில் ஒரு காலையில் அங்கேயே விழுந்து கிடந்தார். தூக்கி வர நாலு பேர் கிடைக்கவில்லை. நானும் என் தங்கையும் கழுதை வண்டியில் கொண்டுவந்தோம்.

போதுமா?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஐந்தரைக்கு. வரிசை கட்ட ஆரம்பித்த நேரம் அது. அது எதற்கு உங்களுக்கு? ஆடு மாடு எத்தனை மணிக்குப் படுக்கும் என்று பார்க்கவா?

என்னிடம் அவர் தெரிகிறாரா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரண்டு தடவை போய் நின்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத்தான் தெரிகிறார்.

அந்தக் குடுவைகள் எங்கே? நீங்கள் எடுத்துக்கொண்டு போனதை உங்கள் சாமான் ஏற்றியவன் பார்த்திருக்கிறான். உங்களுக்கு வர முடியாவிட்டால் குடுவையையாவது அனுப்புங்கள். கொட்டி எண்ணிக்கொள்கிறோம்.

சியோம்புவா


மொம்பாசா
30 அக்டோபர் 1992

சியோம்புவா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

குடுவை என்னிடம்தான் இருக்கிறது. கிமேயுவின் குடுவை. மற்றதை அன்றைக்கே உடைத்துவிட்டார்கள். இதை நான் தேர்வுத்தாள்களுக்கு அடியில் மறைத்து எடுத்து வந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. என்றைக்காவது ஒரு நாள் கொட்டிக் காட்டலாம் என்று நினைத்தேனோ என்னவோ. அலமாரிக்கு மேலே மூன்று வருஷம் இருந்தது.

போன வருஷப் பஞ்சம் உனக்குத் தெரியும். நகரத்திலும் சோளம் கிடைக்கவில்லை. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வந்தேன், சோளத்தோடு பயறு போட்டு அவித்து வைத்திருந்தாள் என் மனைவி. நல்ல பசி. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். “பயறு எங்கே கிடைத்தது?” என்று கேட்டேன். “மேலே குடுவையிலே வெச்சுட்டு மறந்தே போயிட்டீங்களே, பூச்சிகூட அரிக்கலை, பாருங்க” என்றாள். அவள்மேல் தப்பில்லை. அவளுக்கு நான் எதையும் சொன்னதில்லை.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. அதுதான் எண். கவீட்டாவுக்கு இருநூற்று நாலு. படிவத்தில் இரண்டையும் இடம் மாற்றி எழுதினேன். நான்தான் எழுதினேன், என் கையால். இத்தூமுவில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு ஆளையும் இரண்டு கிண்ணத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். வெளியே ஓடிப்போய் வாந்தி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. பசித்த வயிறு விடவில்லை.

அன்றிலிருந்துதான். ஐந்தரைக்கு. எங்கள் வீட்டுக்கு வெளியே, சந்தில், காலைத் தேய்த்து நகரும் சத்தம். முதலில் துறைமுக வேலைக்குப் போகிறவர்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் யாருமில்லை. வாசலில் செம்மண். இந்த ஊரில் செம்மண் கிடையாது, சியோம்புவா. இங்கே தரையெல்லாம் வெள்ளைப் பவளக்கல். தினமும் கூட்டித் தள்ளுகிறேன், மறுநாள் இருக்கிறது. ஒரே ஒரு ஆள் நின்ற அளவுக்கு, இரண்டு பாதம் அளவுக்கு. அதனால்தான் மணி கேட்டேன்.

எண்ணைச் சொல்லிவிட்டேன். நீயே ஊரிடம் சொல்லிக்கொள். கையெழுத்தைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதே.

கிலுங்கியா


இத்தூமு
8 நவம்பர் 1992

வாத்தியாரே,

கேட்கிறேன்.

சியோம்புவா


மொம்பாசா
29 நவம்பர் 1992

சியோம்புவா,

உன் ஒற்றை வார்த்தை இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. மனைவி அதைப் படித்துவிட்டு என்னவென்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் எனக்குத் தட்டு வைக்கவில்லை. பிறகு, “அந்தப் பொம்பளைக்கு எழுதிட்டு வந்து சாப்பிடுங்க” என்றாள். எழுதுகிறேன்.

வகுப்பறையில் ஐந்து பேர். அதிகாரி, கிராமத் தலைவர், கவீட்டாவின் முகவர், முத்தியானி, நான். நான் துவரையைக் கொட்டி, பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணி முடித்தேன். முத்தியானிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதிகாரி படிவத்தை என் பக்கம் தள்ளி எந்த எண் எங்கே வரவேண்டும் என்று விரலால் காட்டினார். நான் பேனாவை எடுக்கவில்லை. “வடக்கு எல்லையில ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. வாத்தியார் போன மாசம் சுடப்பட்டுச் செத்தான். காலியாத்தான் இருக்கு, போறியா?” என்றார். சத்தம் போடவில்லை, விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் எழுதினேன்.

கவீட்டாவின் முகவர் கையெழுத்துப் போட்டான். முத்தியானி மாட்டேன் என்றான். “துவரையை மறுபடி கொட்டுங்க வாத்தியாரே, சனம் பாக்க வெளியில வெச்சு எண்ணுங்க. என் கண்ணாலே பாத்தேனே, எப்படிப் போடுவேன்?” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அதிகாரியைப் பார்க்கவே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனைப் படத்தோடு பின்வாசல் வழியாக வெளியே தள்ளினார்கள்.

அதிகாரி பேனாவை மறுபடி என்னிடம் கொடுத்தார். “அவன் போடலைன்னா நீ போடு. அவனுக்கு எழுதப் படிக்கக் கத்துக்குடுத்தது நீதானாமே. அவன் கை எப்படின்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். மாலை வகுப்பில் அவன் விரலைப் பிடித்து நான்தான் அவன் பெயரை எழுதப் பழக்கினேன். முப்பது வயசில் கற்றுக்கொண்டவன். அழுத்தி அழுத்தி, காகிதம் ஓட்டை விழுகிற மாதிரி எழுதுவான். நானும் அப்படியே அழுத்தி எழுதினேன்.

படிவம் மேலே போய்விடும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தலைவர் அதை வெளியே தூக்கிக் காட்டுவான் என்று நினைக்கவில்லை. கூட்டம் “ஓ” என்று போட்ட சத்தமும் அதற்கு நடுவில் முத்தியானி படத்தை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றதும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவன் போடவில்லை. நான் போட்டேன். அந்த மனுஷனை நான்தான் கொன்றேன். இதை நீ மைதானத்தில் வாசித்துக் காட்டலாம். என் வேலை போனால் போகட்டும்.

கிலுங்கியா


இத்தூமு
7 டிசம்பர் 1992

கிலுங்கியா,

உங்கள் கடிதத்தை அடுப்பு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொளுத்திவிட்டால் உங்களை நான் திட்டவாவது திட்டலாம், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்று தோன்றியது. நாலு வருஷம்! அவர் உங்களைத் திட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசி வரைக்கும் “வாத்தியார் வருவார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் பாவி. நல்லா இருங்கள் என்று எழுத என் கை வரவில்லை.

நான் வாசிக்க மாட்டேன். பொண்டாட்டி வாசித்தால் பொண்டாட்டி எழுதினாள் என்பார்கள். நீங்கள் வர வேண்டும். அவர் நின்ற இடத்தில் உங்கள் காலால் நின்று, உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி காலை, சாவடி திறக்கிறதற்கு முன்னால்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நேற்றிலிருந்து மனசை அரிக்கிறது. கூட்டம் கூச்சல் போட்டபோதும் படத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் பெண்கள் பக்கம், இருபதாவது ஆளோ என்னவோ. கிமேயுவின் அந்தப் படம் பெரிய கண்ணாடிச் சட்டம் போட்டது, கனம். விடியலிலிருந்து அவர் இரண்டு கையாலும் அதைத்தான் பிடித்திருந்தார்.

அப்படியென்றால் அவர் தன் துவரையை எப்போது போட்டார்?

சியோம்புவா


மொம்பாசா
15 டிசம்பர் 1992

சியோம்புவா,

போடவில்லை.

நீ கேட்கிற வரை நாலரை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட இதை நினைக்கவில்லை. கவீட்டாவின் முகவர் படத்தைத் தரையில் சாத்திவிட்டு முதல் ஆளாகப் போட்டான். நான் முத்தியானியிடம் குடுவையை நீட்டினேன். அவன் சிரித்தான். “ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு வாத்தியாரே. படத்தைக் கீழ வெச்சா வரிசை கலைஞ்சிரும். முதல்ல எல்லாரும் போடட்டும், நான் கடைசியில போடறேன். ஓடியா போகப்போறேன்?” என்றான்.

கடைசி ஆள் போட்டதும் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து குடுவையின் வாயைக் கையால் மூடினார். “போதும், உள்ள கொண்டு வா.” அவ்வளவுதான்.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றில் அவன் இல்லை. அவன் என்னிடம் நியாயம் கேட்டு நிற்கவில்லை, சியோம்புவா. தன் முறைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறான்.

இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். குடுவையைக் கொண்டுவருகிறேன். காலிதான், ஆனாலும் அதே குடுவை. அவன் கோட்டை எங்கேயும் போட்டுவிடாதே.

கிலுங்கியா


இத்தூமு
3 ஜனவரி 1993

கிலுங்கியா அண்ணனுக்கு,

நெற்றிக் காயம் ஆறியதா? மைதானத்தில் நீங்கள் பேசும்போது மண்ணாங்கட்டி எறிந்தவன் யாரென்று எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன். அவனுடைய அப்பா அந்த வரிசையில் நின்றவர். நீங்கள் துடைத்துக்கொண்டு, அவர் துவரை மட்டும் விழவில்லை என்ற கடைசி வாக்கியம் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தீர்கள். அதைப் பார்த்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை. பார்த்தேன் என்று எழுதுகிறேன்.

குடுவையை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

சனம் வேலிக்கு வெளியே நின்றது. ஒருத்தரும் உள்ளே வரவில்லை. சாவடி அதிகாரிகள் பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, முத்திரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டை எடுத்துப் போயிருந்தேன். பையில் கைவிட்டேன். நாலு வருஷத்தில் துவரை சுருங்கிக் கறுத்துப் போயிருந்தது. எல்லோரும் பார்க்க மைதானத்தின் நடுவில் தனியாக நடந்து போவது எனக்கே பயமாக இருந்தது. போய்க் குடுவைக்குள் போட்டேன். காலிக் குடுவை, அதனால் விழுந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது.

கிதூக்கா தடியை ஊன்றி உள்ளே வந்தார். தன் ஆட்டைக்கூட எண்ணிச் சொல்லாத மனுஷன் அவர். மரத்தடியில் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, உரக்கச் சொன்னார்: “ஆயிரத்து நூத்தி நாப்பத்தி நாலு.”

பிறகு மரத்தைப் பார்த்து, “தம்பி, நான் கேட்டது தப்பு. மனசுல வெச்சுக்காதே, வீட்டுக்குப் போ” என்றார். அந்தக் கிழவர் அழுது நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் எல்லோரும் வந்தார்கள். படுத்த புல்லை மிதித்தே வரிசை கட்டி, மாலை வரைக்கும் ஓட்டுப் போட்டார்கள். நம் பெட்டியில் கிமேயுவுக்குத்தான் அதிகம். தொகுதி முழுக்கச் சேர்த்துப் பார்த்ததில் கவீட்டா ஜெயித்துவிட்டார், நானூறு சொச்சத்தில். நேற்று அவருடைய ஆட்கள் வந்து தொண்ணூற்றிரண்டு முளையை அடித்துவிட்டுப் போனார்கள். என்னிடம் இன்னொரு ஆடு இருக்கிறது, சரியாகப் போயிற்று.

இப்போது யாரும் என்னைப் பார்த்து ஒதுங்குவதில்லை. கடைக்காரர் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். நீங்கள் வந்து சொன்னதால் நடந்தது. என் புருஷன் பேர் சுத்தமாகிவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

நானும் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேனே, அது பொய். எனக்குத்தான் முதலில் தெரிந்தார். புதைத்த நாற்பதாம் நாளிலிருந்து. தினமும் விடியலில் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் சுற்றிப் போக, நான் நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பேச மாட்டார். ரெண்டு கையாலும் படத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார், வேலை இருக்கிறது, கொஞ்சம் பொறு என்கிற மாதிரி. இந்த நாலு வருஷமும் அதை வைத்துத்தான் ஓட்டினேன். வெளியே சொன்னால் போய்விடுவாரோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

தேர்தலுக்கு மறுநாள் விடியலில் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். இன்றைக்கும் போனேன். புல் நிமிர்ந்து நிற்கிறது. சத்தம் இல்லை. மரத்தடியில் ஒருவருமில்லை.

அண்ணே, இது கைக்குக் கிடைத்த மறுநாள் விடியலில் உங்கள் கதவைத் திறந்து பாருங்கள். வாசலில் செம்மண் இருந்தால் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அன்றைக்கே பஸ் ஏறி வருகிறேன்.

சியோம்புவா